முப்பத்து மூன்றாவது இடம்

பத்து மணிக்குள் வேண்டுமாம். சூலூரில் பஸ் ஏறியதிலிருந்து கலாமணி அந்தச் செய்தியை நாலு தடவை படித்துவிட்டாள். நாலு தடவையும் கடைசியில் இருந்த கும்பிடும் கைகளைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேடம், கேணித்துணைக்கான சான்று பத்து மணிக்குள்ள அனுப்பிருங்க, முதலாளி கேக்கறாரு" என்று எழுதி, கீழே கூப்பிய கை இரண்டு. குலசேகரன் நேரில் யாரையும் கும்பிட்டு அவள் பார்த்ததில்லை, போனில் மட்டும் ஓயாமல் கும்பிடுவார். மேலதிகாரி கும்பிட்டால் கீழே இருப்பவள் குனிந்துதானே ஆக வேண்டும், அதுதான் கணக்கு. மணி ஒன்பது ஐந்து. சன்னலோரச் சீட் கிடைத்தது ஒன்றுதான் காலையிலிருந்து நடந்த நல்ல காரியம், அதிலும் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்றது. முன் சீட்டில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் மோட்டார் கேபிள் சுருள் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணை எங்கே திருப்பினாலும் மோட்டார். சான்று என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு பக்கம். இந்தக் கருவியில் எங்களுக்குத் தெரிந்து பெரிய குறை எதுவும் இல்லை என்று ஒரு வரி, கீழே அவள் கையெழுத்து. எங்களுக்குத் தெரிந்து. திங்கட்கிழமையிலிருந்து அவளைக் குடைவது இந்த இரண்டு வார்த்தைகள்தான். தெரியாமலே இருந்திருந்தால் இந்நேரம் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போயிருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதும் தன்மேலேயே அருவருப்பு வந்தது, அதையும் குலசேகரன் கணக்கிலேயே சேர்த்தாள்.

கேணித்துணை செருப்பு டப்பா அளவுதான் இருக்கும். கிணற்றுமேட்டு மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால், அதற்குள் இருக்கும் சிம் கார்டு வழியாக வீட்டிலிருந்தபடியே போன் செயலியில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். பதினோராயிரத்து நானூறு கிணறுகளில் அது தொங்குகிறது. அதற்குள் ஓடும் மென்பொருளை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்பவள் கலாமணி. இன்றைக்குப் பத்து மணிக்கு அந்தப் பதினோராயிரத்து நானூறு பேருக்கும் கம்பெனி ஒரு போட்டி அறிவிக்கப் போகிறது. உங்க கெணத்துக்குத் தமிழ்ல பேர் வைங்க, நல்ல பேருக்கு ஒரு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் பரிசு. இதுவரை பேரை ஆங்கில எழுத்தில் மட்டும்தான் அடிக்க முடியும், செயலி வேறு எதையும் வாங்காது. இன்றைக்குத்தான் தமிழைத் திறந்துவிடுகிறார்கள். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் திங்கட்கிழமை மேஜைமேல் ஒரு டப்பாவை வைத்து, மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குண்டு பல்பை மாட்டி, போனில் ஆப் செய்துவிட்டு, காங்கேயத்துக்குப் பக்கத்தில் அண்ணன் நாட்ராயனுடைய கிணற்றின் பேரை அடித்தாள். கருப்பராயன். பல்பு எரிந்தது. போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, தானாக எரிந்தது. ஒயர் லூசாக இருக்கும் என்று நினைத்து அணைத்துவிட்டு இன்னொரு முறை அடித்தாள். எரிந்தது. மூன்றாம் முறை அடிக்கக் கை வரவில்லை. அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ, டீ கொண்டுவந்த அம்மா "ஏனுங் மேடம், கரண்ட் வந்துருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இருகூர் பிரிவில் பஸ் நின்றது, கூட்டம் ஏறியது, யாருடைய பையோ அவள் தோளில் இடித்தது. முப்பத்திரண்டு இடம். பேருக்கென்று அந்தக் கருவியின் நினைவகத்தில் ஒதுக்கியிருப்பது முப்பத்திரண்டே இடம். லைன் வீடு மாதிரி எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும், ஆனால் நடுவில் சுவர் கிடையாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு இடம் போதும். தமிழில் ஓர் எழுத்துக்கு மூன்று இடம், அதோடு கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனியாக மூன்று கேட்கும். கருப்பராயனை அப்படி எண்ணினால் பதினொன்று வரும், பதினொரு மூன்று முப்பத்து மூன்று. ஒன்று கூடுதல். கூடுதலாக வந்ததை வாசலில் நிறுத்த ஆள் இல்லாததால் அது நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த முப்பத்து மூன்றாவது இடத்தில் குடியிருந்தது யார்? மோட்டார் ஓட வேண்டுமா வேண்டாமா என்ற தகவல். அங்கே பூஜ்யம் இருந்தால் நிறுத்து, பூஜ்யம் தவிர வேறு எது இருந்தாலும் ஓட்டு. எது இருந்தாலும்! எந்தக் கூறுகெட்டது இப்படி எழுதும்? இதோடு போனாலும் பரவாயில்லை. பேர் வைக்கிற கட்டளையை எஸ்.எம்.எஸ்ஸாகவும் அனுப்பலாம். ரகசிய எண் ஒன்று இரண்டு மூன்று நான்கு. டப்பா மூடியிலேயே அச்சடித்திருக்கிறது, மாற்றியவர் நூற்றுக்கு ஒருத்தர் இருந்தால் அதிசயம். விவரம் தெரிந்தவன் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டும் நீளமாக ஒரு பேரை அனுப்பி மோட்டாரை ஓடவிடலாம். இன்னும் நீளமாக, இன்னும் கணக்காக அனுப்பத் தெரிந்தவன் டப்பாவையே தன் சொல்படி ஆட வைக்கலாம். ஒரு பேர், வெறும் பேர். பேரை வாங்கும்போது எத்தனை எழுத்து என்று எண்ணிப் பார்த்திருந்தால் முடிந்தது காரியம். ஒரே ஒரு வரி எழுதினால் போதும், அதை எழுதவில்லை.

குலசேகரனிடம் சொல்லாமலா இருந்தாள்? நேற்று அவர் அறையில் நின்றுகொண்டே இருபது நிமிஷம் சொன்னாள். "ஏனுங் மேடம், ஹேக்கருன்னு ஒருத்தன் இருந்தா பேங்க்கை விட்டுட்டு நம்ம கெணத்துக்கா வருவான்? தண்ணி திருடவா?" என்று அவர் சிரித்தார், போட்டிக்குப் படம் வரைந்து கொண்டுவந்திருந்த ஆளும் கூடவே சிரித்தான். "ஒருத்தனும் வர வேண்டாங் சார், விவசாயி ஆசையா ஒரு பேர் வெச்சாலே போதும்" என்றாள். "வெச்சா? மோட்டார் ஓடும். தண்ணி வரும். வரட்டுமே." "கெணத்துக்குள்ள ஆள் இருந்தா?" அதற்கு மட்டும் அவர் ஒரு நொடி சன்னலைப் பார்த்தார். "மெயின் ஆப் பண்ணாம எவனும் எறங்க மாட்டான் மேடம். அது அவங்க பொறுப்பு." அவங்க பொறுப்பாம்! இதோ ஒண்டிப்புதூர் நிறுத்தத்தில் நிழற்குடை முழுக்க மஞ்சளாக ஒட்டியிருக்கிறதே கேணித்துணை விளம்பரம், இனி மெயினைத் தொடவே வேண்டாம் என்று, அந்த வரியை எழுதியது யார்? இதே குலசேகரன்தான், எழுதிவிட்டு எல்லாருக்கும் லட்டு வேறு கொடுத்தார். என்ன செய்ய வேண்டும் என்றும் அவள் சொன்னாள். பேரை உள்ளே விடுவதற்கு முன் நீளத்தை அளந்து, மிஞ்சினால் வாங்கவே கூடாது. பேருக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே ஒரு காவல் எண்ணை வைக்க வேண்டும், அந்த எண் கலைந்திருந்தால் டப்பா உடனே மோட்டாரை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எது இருந்தாலும் ஓட்டு என்பதை எடுத்துவிட்டு, குறிப்பிட்ட ஒரு நீள எண் இருந்தால் மட்டுமே ஓட்டு என்று மாற்ற வேண்டும். அந்த ஒன்று இரண்டு மூன்று நான்கைக் குப்பையில் போட்டு, பதிவு செய்த போனிலிருந்து வரும் கட்டளையை மட்டும் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதிச் சோதித்து, சிம் வழியாக ஒவ்வொரு டப்பாவுக்கும் அனுப்ப மூன்று வாரம் ஆகும். அதுவரை போட்டியைத் தள்ளிவைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. "மூணு வாரமா? பொங்கலே போயிருமே" என்று குலசேகரன் குறைகள் பதிவேட்டைத் திறந்து தானே அடித்தார். பெயர் நீளம், சிறு குறை, அடுத்த பதிப்பில் சரிசெய்யலாம். சிறு குறை என்றால் பெரிய குறை இல்லை, பெரிய குறை இல்லையென்றால் சான்று தரலாம். எவ்வளவு அழகாக முடிச்சுப் போட்டுவிட்டார். கதவுப் பக்கம் அவள் திரும்பும்போது, "ஆமா, எந்த மடையன் மேடம் இத எழுதுனது? பழைய ஆளுக எவனாச்சும் இருப்பான்" என்றார். கலாமணி கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

அங்கேதான் அவள் கோபம் ஒவ்வொரு முறையும் போய் மாட்டிக்கொள்கிறது. குலசேகரனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், முதலாளியைத் திட்டலாம், ஏறாத கண்ணாடியைத் திட்டலாம், கடைசியில் வந்து நிற்பது பேரை எண்ணாமல் வாங்கும் அந்த நிரல் வரியில். அந்த வரியை எழுதியவர் பேர் மென்பொருளின் மாற்றப் பதிவில் பத்திரமாக இருக்கிறது, குலசேகரனுக்கு அதைத் திறந்து பார்க்கக்கூடத் தெரியாது. கலாமணி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு நாற்பது. மோட்டார் ஒன்று என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்திருக்கிறாள், மொத்தம் ஆறே இடம், அருமையாக வேலை செய்தது, சாப்பிடப் போய்விட்டாள். தமிழில் பேர் வைப்பார்கள் என்று ஏன் தோன்றவில்லை? வேறு யாருக்குத் தோன்றாவிட்டாலும் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். கல்லூரியில் முதல் வாரம் சந்தேகம் கேட்க எழுந்தபோது அவள் பேசிய ஆங்கிலத்துக்கு வகுப்பே சிரித்தது, பாடம் எடுத்தவரும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அன்றைக்கே முடிவு செய்தாள், இனி எதுவும் ஆங்கிலம்தான். கோப்பின் பேர், குறிப்பு, கைக்கணக்கு எல்லாம். தன் வேலையிலிருந்து தமிழை அவ்வளவு சுத்தமாகத் துடைத்து எடுத்தாள். காங்கேயத்துக் காட்டில் நிற்கிற ஒரு மனுஷன் தன் கிணற்றை அதன் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான் என்பதையும் அதோடு சேர்த்துத் துடைத்துவிட்டிருக்கிறாள். அவனவன் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் பேர் இல்லாத ஊரா அது? நாட்ராயன் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. கிணற்றில் யார் இறங்கினாலும் முதலில் மோட்டார் ரூமில் மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி மின்சாரத்தை அறுத்துவிட வேண்டும். பிடுங்கியவர் அவற்றை மடியில் கட்டிக்கொண்டு கிணற்றுமேட்டிலேயே நிற்பார், உள்ளே போனவர் ஏறி வரும்வரை தண்ணீர் குடிக்கக்கூட நகர மாட்டார். அந்த வழக்கத்தை நிறுத்தியதும் கேணித்துணைதான். என்ற தங்கச்சி செஞ்ச டப்பா, போனுலயே ஆப் பண்ணிக்கலாம் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லி, இருபது முப்பது பேரை வாங்கவும் வைத்தான். திங்கட்கிழமையே அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை போனை எடுத்தாள். அண்ணா, நான் செஞ்சது தப்பாப் போச்சு என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை. இன்னும் தமிழ் திறக்கவில்லையே, நான் கையெழுத்துப் போட்டால்தானே திறப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்துவிட்டாள். பயந்தாங்கொள்ளி.

சிங்காநல்லூர் சிக்னலில் போன் அடித்தபோது மணி ஒன்பது முப்பத்தெட்டு. குலசேகரன் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தால் அண்ணி வளர்மதி. "கலாமணி, பஸ்ஸுல போயிட்டிருக்கியா கண்ணு? உங்க கம்பெனியில இருந்து கெணத்துக்குப் பேர் வெக்கச் சொல்லி வந்துருக்குதே, ஒம்பதரைக்கே வந்துருச்சு. கருப்பராயன் தோட்டத்துக் கெணறுன்னு அடிச்சு வெச்சுருக்கறேன், நல்லா இருக்குதா? ஸ்ப்ரேயர் நமக்குக் கெடைக்குமா?" ஒன்பதரைக்கு. அவளுடைய சான்று கைக்கு வருவதற்கு முன்னாலேயே. எப்படியும் போட்டுவிடுவாள் என்று திறந்துவிட்டிருக்கிறார்கள், பத்து மணி என்பதெல்லாம் கோப்பில் வைக்க மட்டும்தான். "அடிச்சு அனுப்பிட்டீங்களா அண்ணி?" "இல்ல, உன்னைக் கேட்டுட்டு அனுப்பலாம்னு..." "அண்ணன் எங்கீங்?" "கெணத்துக்குள்ள. கேபிள் ஜாயிண்ட்டு தண்ணியில ஊறிப்போச்சாம், பிரிச்சு மறுபடி சுத்திட்டிருக்காரு. காத்தால எறங்குனவரு." கலாமணி போனை வாயோடு ஒட்டிக்கொண்டு கேட்டாள். "கட்டையப் புடுங்கியாச்சுங்களா?" "அதெதுக்கு? போனுலதான் ஆப் பண்ணியாச்சே." முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு, டேப்பைப் பிரித்த மூன்று ஒயர்களைக் கையில் பிடித்திருக்கிற அண்ணன். எண்பது அடி உயரத்தில், வீட்டிலிருக்கும் அண்ணி கையில் அடித்து முடித்த பேர், ஒரு விரல் பட வேண்டியதுதான் பாக்கி. கத்தக் கூடாது, கத்தினால் அண்ணி பதறுவாள், பதறினால் எதையாவது தொடுவாள். "அண்ணி, நான் சொல்றத மட்டும் கேளுங்க. போனை எதுவும் அமுத்தாம அப்படியே கீழ வெய்ங்க. மோட்டார் ரூமுக்குப் போயி மூணு பீஸ் கட்டையும் புடுங்கி மடியில கட்டிக்குங்க. அப்பறம் வந்து பேசுங்க. ஓடுங்க அண்ணி."

போன் கட்டிலிலோ கல்லிலோ வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அப்புறம் கோழி. காற்று. தூரத்தில் யாரோ மாட்டை அதட்டுகிறார்கள். வீட்டிலிருந்து மோட்டார் ரூம் எத்தனை அடி, இருநூறா, முந்நூறா? அண்ணிக்கு முட்டி வலி. வீட்டில் வேறு யாராவது போனை எடுத்து, அட பேர் அடிச்சிருக்குதே என்று அமுக்கிவிட்டால்? அம்மா எடுப்பாள், அம்மாவுக்குத்தான் எதையும் பாதியில் விடப் பிடிக்காது. அம்மா, எடுக்காதே. சிக்னல் பச்சையானது, பஸ் நகரவில்லை, பின்னால் இருக்கிறவன் எல்லாம் ஹாரனை அமுக்கினான், அந்தச் சத்தத்தில் அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்காமல் போனது, காதோடு போனை அழுத்திக்கொண்டதில் கம்மல் குத்தியது. இந்நேரம் இதே மாதிரி எத்தனை கிணற்றில் எத்தனை பேர்? பொங்கலுக்கு முன்னால் எல்லோரும் தூர் வாருவார்கள், கேபிள் மாற்றுவார்கள், காலையில்தான் இறங்குவார்கள், வெயிலுக்கு முன்னால். தெரிந்தேதான் போட்டியை அனுப்பினானா இந்தக் குலசேகரன்? தெரியாது, அவனுக்குக் கிணறே தெரியாது. அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து. செருப்பு உரசுகிற சத்தம், மூச்சு. "புடுங்கிட்டேன் கண்ணு. மூணும் மடியில இருக்குது. உங்கண்ணன் உள்ள இருந்து என்னன்னு கத்தறாரு. கலாமணி சொன்னாள்னு சொன்னேன், என்ற தங்கச்சி டப்பாவுல என்ன கோளாறு வரப் போகுதுன்னு சிரிக்கறாரு." கலாமணிக்கு அழுகை வந்தது, வந்த அழுகையும் கோபமாகவே வந்தது. "அவரு மேல ஏறி வர்ற வரைக்கும் கெணத்துமேட்டுலயே போயி நில்லுங்க அண்ணி. யாரு கேட்டாலும் கட்டையக் குடுக்காதீங்க. அந்தப் பேர அழிச்சுருங்க. கோளாறு இருக்குது. நான் பண்ணுனதுதான்."

சொல்லிவிட்டாள், அவ்வளவு கஷ்டமாக இல்லை. ராமநாதபுரம் தாண்டுகிறது, மணி ஒன்பது நாற்பத்தேழு, குலசேகரனிடமிருந்து இன்னொரு கும்பிடு வந்திருக்கிறது. அவள் போனில் இன்னொரு செயலி உண்டு, விவசாயிகளுக்குக் கம்பெனி அனுப்பும் இடி மின்னல் எச்சரிக்கைக்கு. ஐப்பசி மழையில் தீபாவளி லீவு நாளில் யார் உட்கார்ந்து அனுப்புவது என்று குலசேகரன்தான் அந்த அதிகாரத்தை அவள் தலையில் கட்டினார், திரும்ப வாங்க மறந்துவிட்டார். அதில் எழுதினால் பதினோராயிரத்து நானூறு போனிலும் மில் சங்கு மாதிரி ஊதிச் செய்தி வரும். எழுபது எழுத்துதான் வாங்கும், எழுபத்தொன்றாவதை அது கையால்கூடத் தொடாது. அதைச் செய்தவன் வாசலில் ஆள் போட்டிருக்கிறான். அதில் கொம்பும் காலும் புள்ளியும் இடைவெளியும் ஆளுக்கு ஒரு இடம். வேலை போகும். போகட்டும், போய்த் தொலையட்டும். மன்னிப்பு, காரணம், கம்பெனி பேர் எதற்கும் இதில் இடமில்லை, நல்லதுதான். பேரு மாத்தாதீங்க. பீஸ் கட்டையப் புடுங்காம கெணத்துல எறங்காதீங்க. விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். பக்கத்தில் நின்ற பெண் இவளுக்கு என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எண்ணாததற்கும் சேர்த்து, முதலிலிருந்து இன்னொரு முறை எண்ணினாள். அறுபத்து மூன்று. ஏழு இடம் மீதி. ஓர் இடைவெளி விட்டு, கலாமணி என்று அடித்தாள். அதற்கு ஆறு. எழுபது, சரியாக எழுபது. அனுப்பினாள்.

முன் சீட்டில் சங்கு ஊதியது. கேபிள் சுருளை நழுவவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வேட்டிக்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தூரமாக நீட்டி எழுத்துக் கூட்டிப் படித்தார், படித்துவிட்டு "இதாருடா கலாமணி?" என்று தனக்குள் சொன்னார். பிறகு இன்னொரு தடவை படித்தார். அவசரமாக எண்ணை அமுக்கி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி பேசினார். "ஏ புள்ள, ராசு கெணத்துல எறங்கீட்டானா? எறங்கீட்டானா? மேல ஏறச் சொல்லு. இல்ல இல்ல, மொதல்ல நீ போயிக் கட்டையப் புடுங்கு. புடுங்கி உன்ற மடியில வெச்சுக்க, நான் வர்ற வரைக்கும் ஆரு கேட்டாலும் குடுக்காத." சுங்கம் வந்துவிட்டது. கலாமணி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கையில் போன் அடித்தது, திரையில் குலசேகரன், இந்தத் தடவை கும்பிடு எதுவும் இல்லை. எடுத்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள், "ஆமாங் சார், நான்தான் எழுதுனேன். ஒம்பது வருஷத்துக்கு முந்தி எழுதுனதும் நான்தான்" என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கினாள்.